மாமி கோலத்தில் விட்டுப்போன மூன்று வரிசை

என் தையல் மிஷின் முன்னறை ஜன்னலோரம் இருக்கிறது. இருபது வருஷமாக அங்கே உட்கார்ந்துதான் ரவிக்கை தைக்கிறேன். அதனால் எங்கள் சந்தில் யார் எத்தனை மணிக்கு வாசல் தெளிப்பார்கள், எந்த வீட்டுத் தாத்தா எப்போது பேப்பர் எடுக்க வருவார், பூக்காரம்மா எந்த வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார் என்பதெல்லாம் கேட்காமலே தெரியும். ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் பக்கம் இருக்கிற சின்னச் சந்து. மொத்தம் பன்னிரண்டு வீடு. அதில் ஐந்து வீட்டில் வயசானவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள்.

எதிர்வீட்டு மாமி அந்த ஐந்தில் ஒருவர். அப்போது அவருக்கு 74 வயது. மாமா தவறி ஆறு வருஷம் ஆகியிருந்தது. பையன் டல்லாஸில். மாமி தனியாக இருந்தார். அப்படி இருப்பது அவருக்குப் பிடித்தும் இருந்தது. மார்கழி வந்தால் அவர் வாசலைப் பார்ப்பதற்காகவே நான் கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருப்பேன். பதினைந்து புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் போடுவார். இழை எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அவர் அழித்துத் திருத்தி நான் பார்த்ததே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கூடாரைவல்லிக்கு முந்தின நாள். காலை 5.45 இருக்கும். கோயில் பக்கமிருந்து திருப்பாவை கேட்டுக்கொண்டிருந்தது. நான் வாளியோடு வாசலுக்கு வந்தேன். மாமி கோலத்தை முடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். தெரு விளக்கு வெளிச்சத்தில் கோலத்தைப் பார்த்தேன். ஏதோ சரியில்லை என்று பட்டது. கிட்டே போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது. இடது பக்கம் மூன்று வரிசைப் புள்ளிகள் அப்படியே கிடந்தன. அந்தப் புள்ளிகளைச் சுற்றி இழையே போகவில்லை. மற்ற புள்ளிகளையெல்லாம் வளைத்து வந்த இழை, அந்த மூன்று வரிசைக்கு முன்னாலேயே திரும்பி, கோலம் அங்கேயே முடிந்துவிட்ட மாதிரி மூடியிருந்தது.

“மாமி, இந்தப் பக்கம் விட்டுப்போச்சே” என்றேன்.

“எந்தப் பக்கம்டீம்மா? எல்லாம் போட்டாச்சே” என்றார்.

குரல் குழறலாக இருந்தது, வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. நான் அவருக்கு இடது பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, வலது பக்கத் தூணைப் பார்த்தே பேசினார். நான் சுற்றிப் போய் வலது பக்கம் நின்றதும், “நீயா? எப்போ வந்தே?” என்று கேட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்போதுதான் இடது கையைக் கவனித்தேன். வாசல் தெளித்த தண்ணீர் படியோரம் தேங்கியிருந்தது, அதில் கை தொங்கிக் கிடந்தது. விரல்களில் கோலமாவு ஈரத்தோடு ஒட்டியிருந்தது. மாமி கையில் ஒரு பொட்டு மாவு இருந்தாலும் உடனே தட்டிவிடுகிறவர்.

“மாமி, ஒரு தடவை சிரிங்களேன்” என்றேன். சிரித்தார். வாய் வலது பக்கம் மட்டும் போனது. இடது ஓரம் அசையவில்லை.

“ரெண்டு கையையும் தூக்குங்க.”

வலது கை மேலே போனது. இடது கை தண்ணீரிலேயே இருந்தது.

“ரெண்டு கையும் மாமி.”

“ரெண்டையும்தானே தூக்கிண்டிருக்கேன். எனக்கு ஒண்ணுமில்லை, நன்னாத்தான் இருக்கேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. இதைப் பிறகு டாக்டர்தான் எனக்கு விளக்கினார். மாமிக்கு வந்திருந்தது பக்கவாதம், அதாவது ஸ்ட்ரோக். மூளையின் வலது பாதியில் ரத்தக்குழாய் அடைத்தால் உடம்பின் இடது பக்கம் செயலிழக்கும். சிலருக்கு அதோடு இன்னொன்றும் நடக்கும்: இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர்கள் நினைவிலிருந்து போய்விடும். தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, சோறு போதவில்லை என்பார்கள். கை விழுந்துவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். மாமிக்கு நடந்தது அதுதான். ‘உடம்பு எப்படி இருக்கு’ என்று கேட்டு, ‘நன்னா இருக்கேன்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். பெரியவர்கள் வாயால் சொல்வதை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீர்கள். சிரிக்கச் சொல்லிப் பாருங்கள், கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள், பேச்சைக் கேளுங்கள்.

எனக்கு அன்றைக்கு இது ஒரு நிமிஷத்தில் உறைத்ததற்குக் காரணம் என் அப்பா.

2016-இல் நடந்தது. எங்கள் ஊர் லால்குடி பக்கம். ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, வலது கை மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்று அப்பா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிட்டிருக்கிறார். எட்டு மணிக்கு நான் போன் பண்ணினேன். அப்பா இரண்டு மூன்று வார்த்தைகளை மாற்றிச் சொன்னார். என் பிள்ளை பெயரைக் கேட்க வந்தவர் வேறு எதையோ சொன்னார். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். “படுத்துக்குங்கப்பா, காலையில பேசலாம்” என்று நானே சொன்னேன்.

காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஸ்கேன் கிடையாது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் வருவார் என்றார்கள். அவர் வந்து பார்த்து, திருச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார். நாங்கள் போய்ச் சேரும்போது மதியம் ஒரு மணி. அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “கடைசியா எப்போ நல்லா இருந்தார்?” நேற்று சாயங்காலம் ஏழு மணிக்கு முன்னால் என்றோம். அவர் பேனாவைக் கீழே வைத்ததை நான் மறக்கவில்லை.

சொந்தக்காரர்கள் அதற்குப் பிறகும் விடவில்லை. காத்து அடித்துவிட்டது என்றார்கள். புறாவை அறுத்து ரத்தத்தைக் கை காலில் தேய்க்கச் சொன்னார்கள், இரண்டு வாரம் அதுவும் நடந்தது. அந்த இரண்டு வாரத்தில் பிசியோதெரபி ஆரம்பித்திருக்க வேண்டும். அப்பா நான்கு வருஷம் இருந்தார். தானாகப் பேச அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்: “ஆமா.” பசித்தாலும் ஆமா, வலித்தாலும் ஆமா, வேண்டாம் என்பதற்கும் ஆமா. எந்த ஆமாவுக்கு என்ன அர்த்தம் என்று அம்மா மட்டும் கற்றுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் செய்த ஒரு வேலை, மாமி விஷயத்தில் கைகொடுத்தது. திருச்சியில் எந்தெந்த ஆஸ்பத்திரியில் ராத்திரியும் சி.டி. ஸ்கேன் ஓடும், எங்கே ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி உடனே போடுவார்கள், எங்கே நரம்பியல் டாக்டர் இருக்கிறார் என்று நேரில் போய்க் கேட்டு, இரண்டு இடங்களின் பெயரையும் எண்ணையும் எழுதி, நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். அப்படிப் போய்க் கேட்டபோது சிலர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். பரவாயில்லை. உங்கள் ஊரிலும் இதை நல்ல நாளில் கேட்டு வையுங்கள். ஆபத்து வந்த பிறகு கேட்டால் ஆளுக்கு ஒரு ஆஸ்பத்திரி சொல்வார்கள். ஸ்கேன் இல்லாத இடத்தில் இறங்கினால் போகிற நேரம் திரும்பக் கிடைக்காது.

மாமி வாசலுக்கு வருகிறேன். என் குரல் கேட்டு வீட்டுக்காரர் ஓடிவந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு, வீட்டில் சுகர் பார்க்கிற மிஷின் இருக்கிறது. மாமி விரலில் குத்திப் பார்த்தார். 168. இதை ஏன் பார்த்தோம் என்றால், சுகர் ரொம்ப இறங்கினாலும் இதே மாதிரி நாக்குக் குழறும், ஒரு பக்கம் தளர்ந்துபோகக்கூட வாய்ப்பு உண்டு. மிஷின் இல்லாவிட்டால் அதைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், ஆம்புலன்ஸில் பார்ப்பார்கள். நான் 108-க்குப் போன் பண்ணி, “ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு, முகம் கோணியிருக்கு, இடது கை விழுந்துடுச்சு” என்று சொன்னேன். ‘மயக்கம்’, ‘உடம்பு முடியலை’ என்று பொதுவாகச் சொல்லாமல் இப்படிச் சொன்னால் எதிர்முனையில் வேகம் மாறுவது கேட்கும்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. எல்லாரும் மாமி மேல் பிரியமுள்ளவர்கள், அதனால் ஆளுக்கு ஒன்று செய்ய வந்தார்கள். ஒருவர் சூடாகக் காபி கொண்டுவந்தார். ஒருவர் சோடா வாங்க ஓடினார். இரண்டு வீடு தள்ளியிருக்கும் அம்மா, தன் கணவருக்கு இதயத்துக்காகக் கொடுத்திருக்கும் ஆஸ்பிரினைக் கொண்டுவந்து நீட்டினார். ஊசியால் பத்து விரலிலும் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்று வாட்ஸாப்பில் வந்ததாம், அதையும் ஒருவர் சொன்னார். நான் மாமிக்கு முன்னால் நின்றுகொண்டு எதையும் கொடுக்க விடவில்லை. கொஞ்சம் கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். பக்கவாதம் வந்தால் முழுங்குகிற சக்தியும் போயிருக்கலாம். அப்போது ஒரு வாய்த் தண்ணீர்கூடப் புரையேறி நுரையீரலுக்குள் போகும். மாத்திரை விஷயம் இன்னும் ஆபத்து. பக்கவாதம் பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைப்பால் வருகிறது. மீதிப் பேருக்கு ரத்தக்குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் எது என்று. ரத்தக்கசிவு இருப்பவருக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் கசிவு கூடிவிடும். பிரஷர் அதிகமாக இருக்கும் என்று நாமே கூடுதலாகப் பிரஷர் மாத்திரை கொடுப்பதும் கூடாது. அடைத்த இடத்தைத் தாண்டி ரத்தம் போக உடம்பே அழுத்தத்தைக் கூட்டியிருக்கும், சட்டென்று இறக்கினால் மூளைக்கு இன்னும் ரத்தம் குறையும்.

மாமியைப் படியிலிருந்து உள்ளே கொண்டுபோய்ப் பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். வீட்டுக்காரர் உள்ளே போய் அடுப்பை அணைத்தார். டிகாக்‌ஷனுக்குப் போட்ட தண்ணீர் வற்றிக்கொண்டிருந்ததாம். நான் மாமியின் மாத்திரைகளைத் தேடினேன். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டு வைத்திருந்தார். மெடிக்கலில் அட்டையை வெட்டி வெட்டிக் கொடுத்ததில் பாதி மாத்திரைக்குப் பெயரே இல்லை. பாட்டிலோடு எடுத்துக்கொண்டேன். ஆதார் அட்டை, போன், கண்ணாடி, அவ்வளவுதான்.

காவிரிப் பாலத்தில் அந்த நேரத்தில் நெரிசல் இல்லை. 6.35-க்கு ஆஸ்பத்திரி போய்விட்டோம். வாசலிலேயே அதே கேள்வி வந்தது. “கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க? யார் பார்த்தது?”

5.45-க்கு நான் பார்த்தேன் என்றேன். டாக்டர் தலையை ஆட்டினார். சின்ன வயசுப் பெண். “நீங்க பார்க்கும்போதே கை விழுந்திருந்தது. அதுக்கு முன்னாடி நல்லா இருந்ததை யாராவது பார்த்தாங்களா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்து முந்தின நாள் ராத்திரி எட்டரைக்கு மாமி வாசல் விளக்கை அணைத்ததைப் பார்த்தேன். அதைத்தான் சொல்ல முடியும். அப்படிச் சொன்னால் கணக்கு பத்து மணி நேரமாகிவிடும். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை, ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அறிகுறியை எப்போது பார்த்தோம் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. தூக்கத்திலிருந்து எழும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப்போன நேரத்தைத்தான் எடுப்பார்கள். என் அப்பாவுக்கும் இப்படித்தான் நேரம் தாண்டிப்போனது. நடுங்கிக்கொண்டே பால்காரருக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டுக்கும் அவர்தான் பால் போடுகிறார்.

“அஞ்சு இருபதுக்குப் போட்டேங்க்கா. மாமியே வந்து வாங்கினாங்க. நாளைக்குக் கூடாரவல்லி, அக்காரவடிசலுக்கு ரெண்டு லிட்டர் சேர்த்துப் போடுன்னு சொன்னாங்க. மறந்துடாதேன்னு ரெண்டு தடவை சொன்னாங்க” என்றார்.

டாக்டர் போனை வாங்கிக்கொண்டார். “பேச்சு தெளிவா இருந்ததா? எந்தக் கையால வாங்கினாங்க?”

“தெளிவாத்தான் பேசினாங்க. ரெண்டு கையிலயும் கைக்கொரு பாக்கெட்டா வாங்கிட்டுப் போனாங்க மேடம்.”

டாக்டர் கேஸ் ஷீட்டில் 5.20 என்று எழுதினார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அன்றைக்கு மாமிக்கு நேரே அந்த ஊசி போட்டிருக்க முடியாது.

நான் இதை எழுதுவதே இதற்காகத்தான். தனியாக இருக்கிற ஒரு பெரியவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பது அவருக்கும் தெரியாது, டல்லாஸில் இருக்கிற பிள்ளைக்கும் தெரியாது. அது பால்காரருக்குத் தெரியும், பூக்காரம்மாவுக்குத் தெரியும், எதிர்வீட்டு ஜன்னலுக்குத் தெரியும். அடுத்து யாருக்காவது இப்படி நடந்தால், ஆம்புலன்ஸ் வருகிற அந்தப் பத்து நிமிஷத்தில் தெருவில் கூடியிருப்பவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள்: இன்றைக்குக் காலையில் இவரை யார் பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு, என்ன பேசினார்? காபி கொண்டு வருகிறவர்களுக்கு அது ஒரு நல்ல வேலையாகவும் இருக்கும்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. அடைப்பு என்று உறுதியானதும் டாக்டர் பையனிடம் பேச வேண்டும் என்றார். நம் காலை ஏழு மணி டல்லாஸில் முந்தின நாள் ராத்திரி ஏழரை. வீடியோவில் வந்தார். ஊசியால் சிலருக்கு மூளையில் ரத்தம் கசிகிற ஆபத்து உண்டு, அதைவிட போடாமல் விட்டால் வரும் இழப்பு பெரிது என்று டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, தலையில் அடிபட்டதா என்று கேள்விகள். பையனுக்குப் பாதி தெரியவில்லை. ‘அம்மா என்ன மாத்திரை சாப்பிடறான்னு எனக்குத் தெரியாது மேடம்’ என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாமியின் எடையும் கேட்டார்கள், மருந்தின் அளவு எடைக் கணக்கில்தான் வருமாம். 7.20-க்கு ஊசி ஆரம்பமானது. முதலில் கொஞ்சம் நேரே ஏற்றிவிட்டு, மீதியை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள்.

நாலரை மணி நேரம் இருக்கிறதே என்று யாரும் நிதானமாகப் போகக் கூடாது. பெரிய குழாய் ஒன்று அடைத்தால் சராசரியாக நிமிஷத்துக்கு 19 லட்சம் மூளை நரம்பு செல்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதே சமயம், நேரம் தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது. பெரிய குழாய் அடைப்பாக இருந்தால், தொடை வழியாகக் கம்பி போன்ற கருவியை விட்டுக் கட்டியை வெளியே இழுக்கிற சிகிச்சை இருக்கிறது. ஸ்கேனைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும் அதைச் செய்கிறார்கள். 2018-இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு வந்த மாற்றம் அது. எல்லா ஊரிலும் இல்லை. இருக்கிற ஊருக்கு அனுப்ப முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை.

மாமி சாயங்காலமே இடது விரல்களை லேசாக அசைத்தார். நான் அழுதுவிட்டேன். ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி யாரையும் ஏமாற்ற மாட்டேன். கால் நன்றாகத் தேறியது. கையில் பிடிமானம் குறைவு, பட்டன் போட முடியாது, பாத்திரத்தை அந்தக் கையால் தூக்க முடியாது. ஒன்பது மாதம் பிசியோதெரபி நடந்தது. கிண்ணத்தில் கொண்டைக்கடலையைப் போட்டு, இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போடச் சொல்வார்கள். முதல் வாரம் பத்து கடலைக்கு அரை மணி நேரம் ஆனது. சாப்பிடும்போது தட்டைத் திருப்பித் திருப்பி வைத்தோம். யாரும் பேசப் போனால் அவருடைய இடது பக்கமாக உட்கார்ந்து பேசச் சொன்னார்கள், அந்தப் பக்கத்தை மூளை திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தபோது இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தது தெரிந்தது. அப்படித் துடிக்கும் இதயத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும், அந்தக் கட்டி மேலே போய் மூளைக் குழாயை அடைக்கும். மாமிக்கு எப்போதாவது படபடப்பாக இருக்குமாம், வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டாராம். அதைவிட எனக்கு ஆறாத விஷயம் ஒன்று பிறகு வெளியே வந்தது. இது நடப்பதற்கு பத்து நாள் முன்னால் பூக்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே மாமி கையிலிருந்து பூச்சரம் நழுவி விழுந்திருக்கிறது. கொஞ்ச நேரம் பேச்சும் குழறியிருக்கிறது. பத்து நிமிஷத்தில் எல்லாம் பழையபடி. “சரியாப் போயிடுத்து, யார்கிட்டயும் சொல்லாதே, பிள்ளை பயந்துடுவான்” என்றிருக்கிறார் மாமி. பூக்காரம்மாவும் சொல்லவில்லை. அந்த அம்மா இதை என்னிடம் சொல்லும்போது தேம்பித் தேம்பி அழுதார். அவர் மேல் என்ன தப்பு? யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. குழாய் கொஞ்ச நேரம் அடைத்து, தானே திறந்துகொண்டால் இப்படி வந்து மறைந்துவிடும். அடுத்த இரண்டு நாளைக்குள் பெரிய பக்கவாதம் வருகிற ஆபத்து அப்போதுதான் ரொம்ப அதிகம். சரியாகிவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது.

வேறு மாதிரியும் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். திடீரென்று தலை சுற்றி நடை தள்ளாடுவது, ஒரு கண்ணோ இரண்டு கண்ணுமோ திடீரென்று மங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, வாழ்நாளில் வராத அளவுக்கு ஒரே நொடியில் தலை வெடிக்கிற வலி. ‘திடீரென்று’ என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பேச்சைச் சோதிக்கும்போது மனப்பாடமான சுலோகத்தையோ பாட்டையோ சொல்லச் சொல்லாதீர்கள். பேச்சு போனவர்களுக்கும் சில சமயம் அது மட்டும் தடையில்லாமல் வரும். இன்றைக்கு என்ன கிழமை, நேற்று ராத்திரி என்ன சமையல் என்று கேளுங்கள். என் அப்பா படுக்கையில் இருந்த நாட்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரைக்கும் அம்மாவோடு சேர்ந்து சொல்லுவார். தண்ணீர் என்ற சொல் வரவே வராது.

அப்புறம் எங்கள் சந்தில் சில விஷயங்கள் மாறின. கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை, ஒவ்வொன்றாக நடந்தது. ஐந்து வீட்டு மாற்றுச் சாவியும் இப்போது எதிர்வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கிறது. சாவி இருந்தும், உள்தாழ்ப்பாள் போட்டால் பிரயோஜனம் இல்லை என்று அயர்ன் கடை அண்ணன்தான் சொன்னார். அதனால் ராத்திரி பூட்டு மட்டும், மேல் தாழ்ப்பாள் வேண்டாம் என்று பெரியவர்களிடம் பேசினோம். திருட்டுப் பயத்தில் இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் கிரில் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்கதவைத் தாழ் போடாமல் விடுகிறார்கள். குளியலறையிலும் தாழ் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறோம். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: வயது, எடை, என்ன மாத்திரை எத்தனை வேளை, என்ன ஆபரேஷன் எப்போது, பிள்ளையின் எண், எந்த ஆஸ்பத்திரி. மாத்திரையை அட்டையோடு, பெயர் இருக்கிற ஓரத்தை வெட்டாமல் வாங்கச் சொல்கிறோம்.

பெரியவர்களைக் கண்காணிக்கிற மாதிரி நடந்தால் அவர்கள் மனசு நோகும். மாமிக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. அதனால் யார் வீட்டையும் தட்டிச் சோதிப்பதில்லை. ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் அவர்களுக்கென்று ஒரு காலை அடையாளம் இருக்கிறது, அதை மட்டும் பார்க்கிறோம். மூன்றாம் வீட்டுத் தாத்தா ஆறரைக்கு பேப்பரை எடுத்துவிடுவார். கோடி வீட்டுத் தம்பதி ஆறு மணிக்கு வாசல் விளக்கை அணைப்பார்கள். இன்னொரு அம்மா ஏழு மணிக்குக் காக்காய்க்குச் சோறு வைப்பார். அது நடக்கவில்லை என்றால் யாராவது ஒருவர் எதையாவது சாக்கு வைத்துக்கொண்டு போவோம். கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்பது எனக்குப் பழகிவிட்டது. பால்காரருக்கும் பூக்காரம்மாவுக்கும் சிரிப்பு, கை, பேச்சு மூன்றையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பால்காரர் எந்த வீட்டில் பால் வாங்காமல் பை அப்படியே தொங்கினாலும் எனக்குப் போன் பண்ணிவிடுவார்.

பிரஷர் மாத்திரை விஷயத்தில் மட்டும் இன்னும் போராட்டம்தான். பிரஷர் சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள், மாத்திரையால்தான் அது சரியாக இருக்கிறது என்பதை ஏற்க வைப்பது கஷ்டம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதிலிருந்து பிரஷருக்கும் சுகருக்கும் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் பக்கம் வருகிற பெண்ணிடம் அந்த ஐந்து வீட்டையும் நானே காட்டிவிட்டேன். யாருமில்லாத பெரியவர்களுக்கு உதவி வேண்டும் என்றால் 14567 என்ற எண் இருக்கிறது, முதியோருக்கான இலவச உதவி எண். அதுவும் அந்தத் தாளில் எழுதியிருக்கிறது. அவசரத்துக்கு 108 மட்டும்தான்.

போன கூடாரைவல்லிக்கு மாமி பால்காரரிடம் இரண்டு லிட்டர் கூடுதலாகச் சொன்னார். அக்காரவடிசலை நான்தான் கிளறினேன், உருளி கனம் அவருக்குத் தாங்காது. எப்போது நெய் விட வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

போன மாதம் எங்கள் சந்தில் ஒரு மாடிப் போர்ஷனுக்குப் பெரியவர் ஒருவர் தனியாகக் குடிவந்திருக்கிறார். எழுபதுக்கு மேல் இருக்கும். பால் வாங்குவதில்லை, கடையில் டீ குடிக்கிறார். எத்தனை மணிக்கு இறங்கி வருவார், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. நேற்று அயர்ன் கடை அண்ணனிடம் கேட்டேன், இரண்டு சட்டை கொடுத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் மாடி ஏறலாம் என்று இருக்கிறோம்.